அம்மான் வண்டியை நான் ஓட்டினால் இன்சூரன்ஸ் நிற்குமா?

கண்டனூர் தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். வரும் ஆவணியில் எங்கள் வளவில் கல்யாணம். நான் சென்னையில் இருக்கிறேன், ரயிலில்தான் வருகிறேன், வண்டி கொண்டுவரவில்லை. தேவகோட்டையில் இருக்கும் அம்மான் ஒரு வாரத்துக்கு அவர் காரை எடுத்து ஓட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். பல்லவன் ரயிலில் வந்து இறங்குபவர்களைக் காரைக்குடி ஸ்டேஷனில் போய் ஏற்ற வேண்டும், திருச்சி, மதுரை விமான நிலையங்களுக்கும் போகவேண்டி வரும், வந்தவர்களைப் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டி என்று சுற்றிக் காட்டவும் வேண்டும். நான் பாதி, சிங்கப்பூரிலிருந்து வரும் என் அயித்தை மகன் பாதி ஓட்டுவதாகத் திட்டம்.

என் சந்தேகம் இதுதான். பாலிசி அம்மான் பக்கம் இருக்கிறது, ஓட்டுவது நாங்கள். ஏதாவது இடித்துவிட்டால், இல்லை யாருக்காவது அடிபட்டுவிட்டால், கம்பெனி பணம் கொடுக்குமா? உரிமையாளர் ஓட்டினால்தான் கிளைம் வரும் என்று இரண்டு மூன்று பேர் அடித்துச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் 63:
உரிமையாளர் ஓட்டினால்தான் வரும் தம்பி. பாலிசி அவர் பெயரில்தானே இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மரத்தில் விட்டார், கம்பெனி ஒரு பைசா தரவில்லை. அப்படி ஏதாவது ஆனால் அம்மான்தான் ஓட்டினார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோட்டையூர்க்காரன்:
புதுவயல் தம்பி சொன்ன இரண்டையும் நம்ப வேண்டாம். மோட்டார் கிளைம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் தனியார் காருக்குக் கொடுக்கும் பாலிசியில் ஓட்டுநர் பற்றி ஒரு பகுதி இருக்கும். பாலிசிதாரர் உட்பட யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் பெறத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். தம்பியா, மருமகனா, பக்கத்து வீட்டுக்காரரா என்று கம்பெனி பார்ப்பதில்லை. பாலிசி வண்டியோடு போகும். அதனால் அம்மான் சம்மதத்தோடு நீங்கள் ஓட்டினால் வண்டிச் சேதத்துக்கும் கிளைம் உண்டு, வெளியாருக்கு அடிபட்டால் அதற்கும் உண்டு. மூன்றாம் நபர் காப்பீடு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவுப்படி கட்டாயம், உயிருக்கும் காயத்துக்கும் அதில் உச்சவரம்பு கிடையாது, தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்ட வேண்டும். அடுத்தவர் சொத்துக்கு, அதாவது எதிர் வண்டி, காம்பவுண்டுச் சுவர் மாதிரி, தனியார் காருக்கு வழக்கமாக 7.5 லட்சம் வரை.

அப்புறம், வேறு ஒருவர் ஓட்டியதாக எழுதிக் கொடுக்கும் யோசனை. இதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பணம் வரவேண்டிய கிளைமை நாமே கையால் கெடுத்துக்கொள்ளும் வேலை அது. அடிபட்டவர் அரசு மருத்துவமனைக்குப் போனதும் விபத்துப் பதிவேட்டில் எப்படி அடிபட்டது, யார் ஓட்டியது என்று எழுதுவார்கள். அந்தக் காகிதம் கம்பெனியின் விசாரணை ஆள் கைக்கு வந்துவிடும். சுங்கச்சாவடி கேமரா இருக்கிறது, கைப்பேசி இருந்த இடம் இருக்கிறது, ஓட்டுநர் பக்கத்துக் காற்றுப்பை விரிந்திருந்தால் யாருக்கு நெஞ்சில் காயம் என்பது கூடச் சொல்லிவிடும். பொய் என்று தெரிந்ததும் உண்மையை மறைத்தார் என்ற ஒரே காரணத்தில் முழுக் கிளைமும் போகும், காவல் நிலையத்தில் பொய் வாக்குமூலம் கொடுத்த சிக்கல் தனி. உரிமம் உள்ளவர் ஓட்டினால் இந்தப் பொய்க்கு அவசியமே இல்லை, அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

புதுவயல் 63:
அப்படியானால் எங்கள் தெருக்காரருக்கு ஏன் மறுத்தார்கள்?

கோட்டையூர்க்காரன்:
அவர் உரிமம் அன்றைக்கு நடப்பில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். வயது 55 தாண்டியவரா?

புதுவயல் 63:
விசாரித்தேன் அண்ணே. வயது 58. உரிமம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்ததாம். ஒரு மாதம் சலுகை உண்டு என்று நினைத்திருந்தாராம்.

கோட்டையூர்க்காரன்:
அதேதான். முன்பு உரிமம் முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்த மறுநாளே உரிமம் இல்லாதவர் கணக்குதான். 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் வீட்டுப் பெரியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அவருக்குக் கிளைம் போனது அண்ணன் வண்டி என்பதால் இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
கோட்டையூர் தம்பி சொல்வது சரிதான், ஆனால் கிளைம் வரும் என்பதற்காக உடனே கிளைம் போடலாம் என்று இரவல் வாங்குபவர்கள் நினைக்கக் கூடாது. என் கொழுந்தனார் மகன் ஒரு படைப்புச் சடங்குக்கு வந்தபோது என் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து பின்னால் எடுக்கையில் எங்கள் முகப்புத் தூணிலேயே இடித்துவிட்டான். பம்பர் கிழிந்து தொங்கியது. "பெரியம்மா, இன்சூரன்ஸ் இருக்குல்ல, கிளைம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறிவிட்டான். நல்ல பையன்தான், கணக்குத் தெரியவில்லை.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பம்பர் 6,000, பெயின்ட் வேலை 4,000, கழற்றி மாட்டும் கூலி 1,000. மொத்தம் 11,000. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் பாதி என்பதால் பம்பருக்கு 3,000தான். பெயின்ட் வேலையில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அதனால் 3,500. கூலி முழுசாக 1,000. ஆக 7,500. 1,500 சிசிக்கு உள்பட்ட வண்டி என்பதால் கட்டாயக் கழிவு, அதாவது நாமே ஏற்க வேண்டிய பங்கு, 1,000. கைக்கு வருவது 6,500.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். எனக்குக் கிளைம் இல்லாத வருஷங்களுக்கான தள்ளுபடி 50 சதவீதம் ஏறியிருந்தது. சொந்தச் சேதப் பிரீமியம், அதாவது நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பகுதி, 12,000 என்றால் நான் கட்டியது 6,000. ஒரு கிளைம் போட்டால் தள்ளுபடி பூஜ்யம். அடுத்த வருஷம் 12,000, அதற்கடுத்து 20 சதவீதம் கழித்து 9,600, பிறகு 25, 35, 45 என்று மறுபடி ஏறி 50க்கு வரும் வரை கூடுதலாகக் கட்டுவதைக் கூட்டினால் 15,000 பக்கம் வருகிறது. வண்டி மதிப்பு குறைவதால் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். 6,500 வாங்க 15,000 கட்டுவதா? கைக்காசு போட்டுச் சரிசெய்தேன். தூணுக்கும் கிளைம் கிடையாது, பாலிசிதாரரின் சொந்தச் சொத்துக்கு வந்த சேதத்தை மூன்றாம் நபர் பகுதி எடுத்துக்கொள்ளாது.

இரவல் வாங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். சின்னச் சேதம் என்றால் கிளைம் பேச்சை எடுக்காமல் நீங்களே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். உறவு கெடாமல் இருக்கும்.

கண்டனூர் தம்பி:
ஆச்சி, இந்தக் கணக்கை யாரும் எனக்குச் சொன்னதே இல்லை. நன்றி. சின்னச் செலவு என்றால் நான் பார்த்துக்கொள்வதாக அம்மானிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து வருபவர் அங்குள்ள உரிமத்தை வைத்து ஓட்டலாமா?

சிங்கைவாசி:
அந்த அட்டையை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், இங்கிருந்து கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும், ஒரு வருஷம் செல்லும், அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருக்க வேண்டும். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கும் இதுதான் விதி. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஊருக்கு வரும்போது பார்க்கிறேன், விமான நிலையத்தில் இறங்கிய கையோடு சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள், யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

அவருக்குப் பழைய இந்திய உரிமம் இன்னும் நடப்பில் இருந்தால் அதுவே போதும். தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேவகோட்டை வக்கீல்:
இந்த இழையில் எல்லாரும் வண்டியைப் பற்றியும் அடிபட்ட வெளியாரைப் பற்றியும் பேசுகிறீர்கள். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவருக்கே அடிபட்டால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. என்னிடம் வரும் குடும்பங்கள் அழுவது அங்கேதான்.

மூன்றாம் நபர் காப்பீடு என்றால் வண்டிக்கு வெளியே இருப்பவருக்கு. உரிமையாளர் மூன்றாம் நபர் ஆக முடியாது. சரி, இரவல் வாங்கியவர்? அவர் உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்கிறார் என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு போனவர், முன்னால் இரும்புத் தகடு ஏற்றிப் போன மாட்டுவண்டி திடீரென்று நிற்க, அதில் மோதி இறந்துபோனார். தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாத பழைய 163ஏ பிரிவில் அவர் குடும்பம் கேட்ட இழப்பீட்டை, அவர் ஓட்டிய வண்டியின் பாலிசியிலிருந்து அந்தப் பிரிவின்கீழ் கேட்க முடியாது என்று தீர்ப்பானது. 2020இல் ராம்கிலாடி வழக்கிலும் அதே நிலைதான். எதிர் வண்டி மேல் கேட்காமல் இரவல் வாங்கிய வண்டியின் கம்பெனியிடம் மட்டும் கேட்டார்கள். பாலிசி ஒப்பந்தத்தில் இருந்த தனிநபர் விபத்துத் தொகை 1 லட்சம் மட்டும் கிடைத்தது. அதற்கு உச்ச நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது.

இப்போது கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சமாகிவிட்டதே, அது வருமே என்பீர்கள். அது உரிமையாளர் ஓட்டுநருக்கான காப்பு. பதிவுச் சான்றில் பெயர் உள்ளவர், அவரே பாலிசிதாரர், அவரிடம் உரிமம் இருக்க வேண்டும், இப்படித்தான் பாலிசி வாசகம் போகிறது. இரவல் ஓட்டுநர் அதை நம்பி வண்டியில் ஏறக் கூடாது.

நம் திருச்சி ராமேஸ்வரம் ரோட்டில் திருமயம் தாண்டி இரவு நேரத்தில் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியில் போய்ச் செருகினால், லாரிக்காரர் மேல் தவறு என்று காட்டி லாரியின் கம்பெனியிடம் கேட்கலாம், அந்த வழி எப்போதும் திறந்திருக்கிறது. ஆனால் நாய் குறுக்கே வந்தது, டயர் வெடித்தது, தூக்கம் அசத்தியது என்று தானாகப் போய்ப் பனைமரத்தில் மோதினால்? கேட்க ஆளே இல்லை. முப்பது வயதுப் பிள்ளை, வீட்டில் சம்பாதிக்கும் ஒரே ஆள், நண்பன் வண்டியை எடுத்துக்கொண்டு போனவன். அவன் மனைவி என் முன்னால் உட்கார்ந்து "வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குன்னு சொன்னாங்களே சார்" என்று கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. வண்டியைச் சரிசெய்யக் கம்பெனி பணம் கொடுத்தது. அவனுக்கு எதுவும் இல்லை.

இதற்கு மருந்து மலிவானது. உங்கள் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி, யார் வண்டி, ஓட்டினீர்களா, பின்னால் உட்கார்ந்தீர்களா என்பதெல்லாம் அதற்கு ஒன்றுதான். அடுத்தவர் வண்டியை அடிக்கடி வாங்கும் பழக்கம் உள்ள யாரும் அது இல்லாமல் சாவியைக் கையில் வாங்கக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஓ.சிறுவயல்:
சார், கூட உட்கார்ந்து வருபவர்களுக்கு? கல்யாண வீடு என்றால் வண்டி நிறைய ஆட்கள் இருப்பார்களே.

தேவகோட்டை வக்கீல்:
பாலிசி எந்த வகை என்பதைப் பொறுத்தது. முழுப் பாலிசி, அதாவது பேக்கேஜ் என்றால் காரில் வருபவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு, 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பழைய வண்டிதானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் சும்மா ஏறி வருபவர்களுக்கு அதில் காப்பு இல்லை. பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பு என்று கூடுதலாக ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், ஒருவருக்கு அதிகபட்சம் 2 லட்சம். ஆத்தாமார்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போகும் வண்டிக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் அதை எடுக்காதீர்கள்.

செக்காலை ஒர்க்‌ஷாப்:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. வாடகை. இங்கே கல்யாண சீசன் வந்தால் வெள்ளை போர்டு வண்டியை ஒரு நாளைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கிறவர்கள் நிறைய. வாங்குகிறவர் "சொந்தக்காரர் வண்டி" என்று சொல்லிக்கொள்வார். அடிபட்டு என் பட்டறைக்கு வண்டி வந்ததும் இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் முதலில் கேட்பது, ஓட்டினவருக்கும் உரிமையாளருக்கும் என்ன உறவு, பணம் கைமாறியதா. கூகுள் பேயில் "கார் ரென்ட்" என்று குறிப்பு எழுதிப் பணம் அனுப்பின ஆளைப் பார்த்திருக்கிறேன். தனியார் பாலிசியில் வாடகைக்கு விடுவது கிடையாது என்று போட்டிருக்கிறது, அந்தக் கிளைம் அங்கேயே முடிந்தது. எண்ணெய் அடித்துக் கொடுப்பது வேறு, நாள் வாடகை பேசுவது வேறு. வாடகைதான் வேண்டும் என்றால் மஞ்சள் போர்டு வண்டியை எடுங்கள்.

ஓ.சிறுவயல்:
நண்பனின் மஞ்சள் போர்டு காரை நான் ஓட்டலாமா? என்னிடம் சாதாரணக் கார் உரிமம்தான் இருக்கிறது.

கோட்டையூர்க்காரன்:
உரிமத்தைப் பொறுத்தவரை ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உள்பட்ட வண்டி என்றால் இலகுரக வாகன உரிமமே போதும் என்று 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னதை, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்துவிட்டது.

பள்ளத்தூர் ஆச்சி:
கண்டனூர் தம்பிக்கு இன்னொன்று. கல்யாண வீட்டில் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் சாவியைக் கேட்பார்கள். தெருமுனை வரைக்கும், பந்தல்காரரைக் கூட்டி வர, ஐஸ் வாங்க என்று. கொடுக்கவே கொடுக்காதீர்கள். சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு 2019இல் வந்திருக்கிறது. பெற்றவரோ வண்டிக்காரரோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. தப்பித்தவறி யாராவது செத்துவிட்டால் கம்பெனி அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அத்தனையையும் உங்கள் அம்மானிடம் வசூலிக்க வரும்.

தேவகோட்டை வக்கீல்:
ஆச்சி சொன்ன கடைசி வரி பலருக்குப் புரிவதில்லை. உரிமம் இல்லாதவர் ஓட்டியிருந்தால் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுக்க வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ளலாம் என்பதுதான் 2004 சுவரண் சிங் வழக்குக்குப் பிறகு நீதிமன்றங்கள் பொதுவாகப் பின்பற்றுவது. ஓட்டியவர் ஊருக்குப் போய்விடுவார், வசூல் நோட்டீஸ் வண்டி கொடுத்தவர் வீட்டுக்கு வரும். பெரிய தொகை என்றால் வீட்டை விற்கும் அளவுக்குக் கூடப் போகும். அதனால் கொடுப்பவர் வாங்குபவரின் உரிமத்தைக் கையில் வாங்கித் தேதியைப் பார்ப்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருமகனாக இருந்தாலும் பார்க்க வேண்டும். பார்த்துத்தான் கொடுத்தேன் என்று அவர் காட்ட முடிந்தால் அது அவருக்கு நீதிமன்றத்தில் உதவும், கம்பெனிதான் உரிமையாளர் தெரிந்தே விதியை மீறினார் என்று நிரூபிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. உரிமத்தை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கண்டனூர் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி அம்மானிடம் பதிவுச் சான்றையும் பாலிசியையும் அனுப்பச் சொன்னேன். பாலிசி முழுப் பாலிசிதான், நடப்பில் இருக்கிறது. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டிலும் எங்கள் ஐயா பெயர், அதாவது அம்மானின் அப்பச்சி (அப்பா) பெயர்தான் இருக்கிறது. ஐயா தவறி ஒன்றரை வருஷம் ஆகிறது. அம்மான் ஆன்லைனில் வருஷா வருஷம் அதே பெயரில் பணம் கட்டிப் புதுப்பித்து வருகிறார். பணம் கட்டியதால் பாலிசி செல்லும்தானே என்கிறார். இது பிரச்சினையா?

கோட்டையூர்க்காரன்:
பெரிய பிரச்சினை தம்பி. மேலே நாங்கள் எழுதியதெல்லாம் பாலிசி உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதியது.

பாலிசி நிபந்தனையிலேயே இருக்கிறது, பாலிசிதாரர் இறந்தால் அந்தப் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் நிற்கும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் அல்லது புதிதாக எடுக்க வேண்டும். அதன் பிறகு அவர் பெயரிலேயே கட்டிய பணத்துக்கு என்ன ஒப்பந்தம்? இறந்தவரோடு ஒப்பந்தம் போட முடியாது. இணையதளம் பணத்தை வாங்கிக்கொள்ளும், யார் உயிரோடு இருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. கிளைம் என்று போகும்போதுதான் ஆதார் கேட்பார்கள், கையெழுத்துக் கேட்பார்கள், அன்றைக்குத்தான் வெளியே வரும். சேதத்துக்கான கிளைம் நிச்சயம் சிக்கும், வெளியாருக்கு அடிபட்டிருந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்று வழக்காடும்.

நம் பக்கத்தில் இது ரொம்பச் சாதாரணம். பெரிய வீடு, பங்கு பிரியவில்லை, வண்டி மட்டும் பெரியவர் பெயரிலேயே கொட்டகையில் நிற்கும், ஊருக்கு வருகிறவர் எல்லாம் எடுத்து ஓட்டுவார்கள். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

தேவகோட்டை வக்கீல்:
பதிவுச் சான்றிலும் அதே கதை. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போட வேண்டும். விற்ற வண்டிக்குப் படிவம் 29, 30. வாரிசுக்கு வரும் வண்டிக்குப் படிவம் 31. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பதிவுச் சான்று, நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் வேண்டும். அம்மானோடு பிறந்தவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும், கட்டிவிட்டுப் போகலாம்.

வாங்கின வண்டியின் பெயரை மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். 2018இல் நவீன் குமார் வழக்கில், கை மாறிக் கை மாறிப் போன வண்டியாக இருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், அவர்தான் பொறுப்பு என்று முடிவாயிற்று. விற்றவர்கள் இதைப் படியுங்கள்.

கண்டனூர் தம்பி:
அம்மானிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார், "இத்தனை நாள் ஓடலையா" என்றார். அப்புறம் வக்கீல் சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. சரி, மாற்றிவிடலாம் என்றார். ஆனால் கல்யாணத்துக்குள் முடியுமா தெரியவில்லை, அம்மானோடு பிறந்த பெரியம்மா மலேசியாவில் இருக்கிறார்.

கோட்டையூர்க்காரன்:
முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டி பெயர் மாறும் வரை கொட்டகையிலேயே நிற்கட்டும். விமான நிலையத்துக்கு மஞ்சள் போர்டு வண்டி பேசிவிடுங்கள், ஓட்டுநரோடு வரும், நீங்களும் பந்தலில் இருக்கலாம். ஊருக்குள் ஓட வேறு பங்காளி வண்டி கிடைத்தால் பதிவுச் சான்றின் பெயர், பாலிசியின் பெயர், பாலிசி முடியும் தேதி, உங்கள் உரிமத் தேதி, இந்த நான்கையும் பார்த்துவிட்டு எடுங்கள். பாலிசி தேதியும் பதிவு விவரமும் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டாலே தெரியும்.

பெயர் மாற்றும்போது அம்மான் இன்னொன்றையும் கேட்கட்டும். ஐயாவுக்கு ஏறியிருந்த கிளைம் இல்லாத தள்ளுபடி, மகனுக்கு வண்டி வரும்போது மகனுக்கு மாற்றித் தரும் வழி இருக்கிறது. இறப்புச் சான்றோடு எழுதிக் கேட்க வேண்டும், கேட்காமல் தர மாட்டார்கள்.

சிங்கைவாசி:
மலேசியாவில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கவலை வேண்டாம். சம்மதக் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பினால் ஊரில் எடுத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுச் சொத்துக் காகிதங்களுக்கு அப்படித்தான் செய்தோம். அதற்கு முன் காரைக்குடி போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எந்த மாதிரிக் கடிதம் வேண்டும் என்று.

புதுவயல் 63:
நானும் வீட்டுக்குப் போய் எங்கள் வண்டிக் காகிதத்தைப் பார்த்தேன். எங்களுடையது அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா நன்றாக இருக்கிறார், ஆனால் அவர் உரிமம் வரும் மாதம் முடிகிறது. நாளைக்கே விண்ணப்பம் போடுகிறோம். கோட்டையூர் அண்ணே, மருத்துவச் சான்று வேண்டுமா?

கோட்டையூர்க்காரன்:
வேண்டும். 40 வயதுக்கு மேல் புதுப்பிக்கப் படிவம் 1ஏ, பதிவுபெற்ற மருத்துவர் கையெழுத்தோடு. முதலில் கண்ணைச் சோதித்துக்கொண்டு பிறகு டாக்டரிடம் கூட்டிப் போங்கள், ஒரே நடையில் முடியும்.

கண்டனூர் தம்பி:
வாரிசுச் சான்றுக்கு இன்று காலை இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டார் அம்மான், தாசில்தார் அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வருவார்களாம். விமான நிலையத்துக்கு இரண்டு மஞ்சள் போர்டு வண்டி பேசியாயிற்று. அயித்தை மகன் சர்வதேச அனுமதி எடுக்கப் போயிருக்கிறார். எனக்கும் என் மனைவிக்கும் தனிநபர் விபத்துப் பாலிசி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வக்கீல் சார், அதில் நிரந்தர ஊனம், வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கான தொகை என்று தனித்தனியாகப் போட்டிருக்கிறது, இரண்டையும் எடுக்க வேண்டுமா?

தேவகோட்டை வக்கீல்:
இரண்டையும் எடுங்கள். சாவைவிட, கால் போய் வீட்டில் இருக்கும் வருஷங்கள்தான் குடும்பத்துக்கு அதிகச் செலவு. தொகையை உங்கள் வருஷ வருமானத்தைப் போல் பத்து மடங்காவது வையுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் தொழிலைச் சரியாக எழுதுங்கள், அங்கே மாற்றி எழுதினால் கிளைம் சமயத்தில் அதைத்தான் பிடிப்பார்கள்.